சொத்தை மல்லாட்டை

ஹூஸ்டன் விமான நிலையத்தில் சாமான் வரும் பட்டை சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எதுவுமே இல்லாமல் வெறுமனே ஓட ஆரம்பித்தது. என் பக்கத்தில் நின்றிருந்த பெண்மணி செனகல் நாட்டின் டக்கார் நகரிலிருந்து வந்திருந்தார். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆசிரியை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நல்ல உயரம், தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தார். அவருடைய துணிப்பெட்டி வந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி வரவில்லை. துணி தொலைந்திருந்தால் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்திருப்பேன். அந்த அட்டைப்பெட்டி தொலைந்தால் அவர் வந்த காரியமே போச்சு, அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"மதாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்றேன். எங்கள் புதுச்சேரியில் மரியாதைப்பட்ட பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் என்னை மதாம் என்றுதான் கூப்பிட்டார். இரண்டு மதாம்களும் வெற்றுப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா என்பார்கள். அந்தப் புண்ணியத்தில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். திண்டிவனத்துப் பக்கத்து இன்ஜினியரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு டெக்சஸுக்குக் கிளம்பியபோது, "அமெரிக்கால போய் பிரெஞ்சை வெச்சு என்னக்கா பண்ணுவ, அப்பளம் பொரிப்பியா?" என்று தம்பி கேலி செய்தான். ஆனால் நாங்கள் குடியிருந்த ஊரின் பல்கலைக்கழகத்தில், விவசாயத் துறைக்காரர்கள் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளின் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்கள். செனகலில் நிலக்கடலை, நைஜரில் கம்பு. இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் பிரெஞ்சு தெரியாது, அந்தப் பக்கம் பலருக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான் உட்கார்ந்தேன். டெலக்ஸ், கடிதம், நேர்ப்பேச்சு எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும், வரும்.

என் மேலதிகாரி ஒரு டெக்சஸ் புரபசர். நல்ல மனுஷன்தான், ஆனால் பொறுமை கிடையாது. டக்காருக்கு நான் அடிக்கிற கடிதங்களைப் பார்த்து, "ஒரு பக்கக் கடிதத்தில் அரைப் பக்கம் வணக்கமா? இதை வெட்டு" என்பார். பிரெஞ்சில் ஒரு பெரிய மனிதருக்கு எழுதினால் கடைசியில் வணக்கம், மரியாதை, மதிப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். அதை வெட்டினால் அவர்கள் முகம் விழுந்துவிடும், பிறகு எந்த வேலையும் நடக்காது. நான் வெட்டியதே இல்லை. அவருக்குக் காட்டுகிற நகலில் மட்டும் சுருக்கமாக இருக்கும். இப்படியெல்லாம் கெஞ்சியும் ஏமாற்றியும் கட்டிய உறவு அது. அதன் முதல் வருஷத்து வேலை முழுக்க அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

உள்ளே இருந்தது என்ன? மல்லாட்டை. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அதுவும் சொத்தை மல்லாட்டை. செனகலின் பல கிராமங்களில் வீடு வீடாகப் போய், களஞ்சியத்தில் இருந்ததை இருந்தபடியே, நல்லதும் கெட்டதும் கலந்து, ஊருக்கு ஒரு துணிப்பையாக மதாம் சேகரித்திருந்தார். கெட்டதுதான் அவருக்கு முக்கியம். கடலையில் ஒருவகைப் பூசணம் பிடிக்கும். அதிலிருந்து ஒரு விஷம் இறங்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கல்லீரலை அரித்துவிடும். எந்த ஊரில் எவ்வளவு விஷம் என்று பார்ப்பதற்கான கருவி அவருடைய பல்கலைக்கழகத்தில் இல்லை, எங்களிடம் இருந்தது. அதற்காகத்தான் பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு இத்தனை கடல் தாண்டி வந்திருந்தார்.

விமான நிலையத்துக்காரர்களிடம் புகார் எழுதிக் கொடுத்தோம். அவருக்கு அமெரிக்காவில் விலாசம் ஏது? ஆய்வுக்கூடத்து விலாசத்துக்கு அடுத்து என் அபார்ட்மென்ட் விலாசத்தையும் எழுதினேன். காரில் திரும்பினோம். மதாம் மெதுவாக ஆரம்பித்தார்.

"சொத்தைக் கடலையைக் கொடுங்கள் என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? விருந்தாளிக்கு யாராவது சொத்தையைக் கொடுப்பார்களா? எல்லாப் பெண்களும் எனக்காக உட்கார்ந்து பொறுக்கி, நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார்கள். வேண்டாம், கலந்தபடியே கொடுங்கள் என்று முற்றத்தில் உட்கார்ந்து கெஞ்சி வாங்கினேன். இன்னொன்று சொல்கிறேன். பொறுக்கிய சொத்தையை என்ன செய்வீர்கள் என்று எல்லா வீட்டிலும் கேட்டேன். கோழிக்குப் போடுவோம் என்றார்கள். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். சில வீடுகளில் கோழியே இல்லை."

நான் ம் கொட்டினேன். அப்போது என் மனசெல்லாம் பெட்டியில் இருந்தது. அடுத்த வாரம் வாஷிங்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள். முதல் வருஷத்தில் என்ன கிழித்தீர்கள் என்று கேட்பார்கள். காட்டுவதற்குப் பெட்டி இருந்தால் மதாம் தங்குவார், இரண்டு பல்கலைக்கழகங்களும் தொடரும். இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான்.

அடுத்த நாட்களை நான் எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியாது. காலையில் ஆபீசுக்குப் போனதும் விமானக் கம்பெனிக்குப் போன். "தேடிக்கொண்டிருக்கிறோம், மேடம்." மதியம் போன். "நியூயார்க்கில் கேட்டிருக்கிறோம், மேடம்." அந்த மேடத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரபசர் ஒரு கோப்பை நிறைய ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு கடக்கு முடக்கென்று கடித்தபடி என் மேஜையைச் சுற்றி வந்தார். மதாம் மட்டும் கத்தவில்லை, அழவில்லை. ஆய்வுக்கூடத்தில் காலியாகக் கிடந்த தட்டுகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அதைப் பார்க்க மாட்டாமல் நான் மறுபடி போனை எடுப்பேன்.

வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான். எண்ணெய் விலை விழுந்து டெக்சஸில் கம்பெனிகள் மூடிக்கொண்டிருந்த நேரம். என் வீட்டுக்காரர் கலிபோர்னியாவில் வேலை தேடிக்கொண்டு ஃப்ரீமான்டுக்குப் போய்விட்டார். வாரக் கடைசியில் போன் பண்ணி, "அம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறாங்களா? நீ கொஞ்சம் பொறுமையா ஹேண்டில் பண்ணு" என்று உபதேசம் செய்வார். அங்கிருந்து சொல்வதற்கு என்ன?

அத்தை என்றால் என் மாமியார். மாமா இறந்த பிறகுதான் அவரை இங்கே வரவழைத்தோம். மாமாவுக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து போனார். கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?" மாமா டீயைத் தவிர வேறெதையும் தொடாதவர். ஆனால் அந்த ஒரு கேள்வி டாக்டர் வாயிலிருந்து வந்ததும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் குடிப்பாராம், பெண்டாட்டி மூடி மறைத்தாளாம். கருமாதிக்கு வந்தவர்களே அத்தை காதுபடப் பேசினார்கள். அதற்குப் பிறகு அத்தை தெருக்குழாய்க்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். அதனால்தான் மகன் டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

இங்கே வந்தும் அத்தை யாரோடும் பேசவில்லை. நாள் பூராவும் தனியாக இருப்பவர் என்பதால் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். "யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க. போன் அடிச்சா எடுக்காதீங்க." அத்தை அதை மந்திரம் மாதிரி கடைப்பிடித்தார். மதாம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதுகிறவர், அவர் பெட்டி தொலைந்துவிட்டது என்று மட்டும் அத்தையிடம் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. அது நீண்ட விடுமுறை வாரம், திங்களும் லீவு. போனில் பேசிப் பிரயோஜனமில்லை, நேரில் போய்ச் சண்டை போடுவோம் என்று மதாமைக் காரில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் ஹூஸ்டனுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் மழை. ஃப்ரீவேயில் லாரிகள் தண்ணீரை வாரி வாரி அடித்தன. போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, ஒருத்தியிடம் சொல்லி, அவள் இன்னொருத்தரிடம் அனுப்பி, கடைசியில் ஒரு ஆள் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னான்.

"அது நேற்றே வந்துவிட்டதே. பரிசோதனையெல்லாம் முடிந்து இன்று விடிகாலையிலேயே வேனில் அனுப்பியாகிவிட்டது."

"எங்கே?"

"ஆய்வுக்கூடம் விடுமுறை என்பதால் இரண்டாவது விலாசத்துக்கு."

என் விலாசம்! உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த நிமிஷமே மறுபடி போனது. அத்தை கதவைத் திறக்க மாட்டாரே! ஓடிப்போய்ப் பொதுத் தொலைபேசியில் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார், நான்தானே எடுக்கக் கூடாது என்று சொன்னேன். மறுபடி அடித்தேன். மறுபடி. "எடுங்க அத்தை, எடுங்க" என்று ரிசீவருக்குள் நான் தமிழில் கத்தியதைக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

திரும்பி வரும்போது மதாம் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் பிரார்த்தனை செய்தார். வேன்காரன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பானோ, மழையில் வாசலிலேயே போட்டுவிட்டுப் போயிருப்பானோ, யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்களோ என்று என் புத்தி ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டது. போலீஸ்காரன் பிடிக்காததுதான் குறை, அப்படி ஓட்டினேன்.

கதவைத் திறந்தால், ஹாலில் பெட்டி!

"வந்துடுச்சா அத்தை!" என்று கத்தியே விட்டேன். மதாம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தார்.

அத்தை சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு பெருமை. அமெரிக்கா வந்து அத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

"தொப்பி போட்ட ஆளு ஒருத்தன் வந்து தட்டுனான். நீதான் தொறக்காதன்னு சொல்லிட்டியே, சும்மா இருந்தேன். அவன் போனப்புறம் சன்னல் வழியா பாத்தா பொட்டி நனஞ்சிகினு கெடக்குது. மனசு கேக்கல. உள்ள இஸ்துகினு வந்துட்டேன். அட்டையெல்லாம் ஊறிப் போயி ஓரமா பிஞ்சிடுச்சி. கைய வுட்டுப் பாத்தா, அட, நம்மூரு மல்லாட்டை!"

"நல்லவேளை அத்தை. தெய்வம் நீங்க."

"அப்டியே வுட்டா ஈரத்துல பூசணம் பூத்துடும் இல்ல? அதான் ஒவ்வொரு பையா பிரிச்சி, ஒண்ணோட ஒண்ணு கலக்காம பெட்சீட்ல ஆத்தி, தாம்பாளத்துல போட்டுப் பொடைச்சி, பொறுக்கி, திருப்பிக் கட்டி வெச்சிட்டேன். பாவம், அந்தம்மாவ யாரோ நல்லா ஏமாத்தி இருக்கான். பாதிக்குப் பாதி சொத்தை! இப்ப பாரு, முத்து மாரி இருக்குது."

அத்தை சொன்னது ஒரு வார்த்தையும் மதாமுக்குப் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே தரையில் மண்டி போட்டு முதல் பையை அவிழ்த்தார். உள்ளே இருந்த பருப்பு அத்தனையும் ரோஜா நிறத்தில், உருண்டு திரண்டு, ஒரு புள்ளி கறுப்பு இல்லாமல் பளபளத்தது. இரண்டாவது பையை அவிழ்த்தார். மூன்றாவது. ஒவ்வொரு பை அவிழும்போதும் அவர் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் மொழிபெயர்த்தேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கெட்டதெல்லாம் எங்கே?"

"அத்தை, பொறுக்கின சொத்தை எங்க?"

அத்தை ஒரு கணம் தயங்கினார். "குப்பையில போட்டுட்டேன்."

இரண்டு பேரும் கீழே ஓடினோம். அபார்ட்மென்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரும்புக் குப்பைத் தொட்டி. மழை ஈரத்தில் நாறிக்கொண்டிருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே எக்கினேன். மதாம் அந்த நீளமான பூப்போட்ட அங்கியோடு ஒரு பால் கிரேட்டின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு பிளாஸ்டிக் பையாகத் தூக்கிக் கிழித்தார். டக்காரில் மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற பேராசிரியை! யார் யாருடைய மிச்சமோ, குழந்தைத் துணியோ எல்லாம் கையில் வந்தது. ஒரு மல்லாட்டை இல்லை. ஒரு தோல் இல்லை.

மேலே வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏன் அத்தை தொட்டீங்க? அடுத்தவங்க பொருளைக் கேட்டுட்டுத் தொட மாட்டீங்களா? அந்தச் சொத்தைக்காகத்தான் அவங்க இவ்ளோ தூரம் வந்தாங்க! அவங்க படிப்பு, வேலை, என் வேலை, எல்லாத்தையும் புடைச்சுக் கொட்டிட்டீங்களே!"

அத்தை முகம் செத்துப் போனது. "சொத்தைக்கா வந்தாங்க?" என்றார் நம்பாமல். "தப்பாப் பூட்டுதாம்மா?" சுவரோரமாக ஒண்டி உட்கார்ந்துவிட்டார்.

மதாம் என் தோளைத் தொட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, அத்தைக்கு எதிரே கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அம்மாவிடம் கோபமில்லாமல் கேளுங்கள்" என்றார். "குப்பைத் தொட்டியில் இல்லை. இந்த வீட்டில் கோழியும் இல்லை."

முதலில் அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் காரில் அவர் சொன்னது உறைத்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன். "அத்தை, நிஜமா சொல்லுங்க. நான் கத்த மாட்டேன்."

அத்தை கார்ப்பெட்டை நகத்தால் கீறினார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய காபி டின்னை எடுத்துவந்து மதாம் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்தால், கறுத்தது, சூம்பியது, பச்சையாகப் பூசணம் படிந்தது. மேலே ஒரு கைப்பிடி அளவு இடம் காலியாக இருந்தது.

"தூக்கிப் போட மனசு வரல. கொஞ்சம் வறுத்துத் தின்னேன். நல்லதுல ஒண்ணுகூட வாயில போடல, சாமி சத்தியமா, அது அந்தம்மா பொருளு. இது எப்டியும் தூக்கிப் போடறதுதான? மருமவ வூட்ல சொத்தையத் தின்றாளேன்னு அந்தம்மா நெனப்பாங்கன்னு வெக்கமா இருந்துச்சி, அதான் குப்பைன்னு சொல்லிட்டேன்."

அந்த டின் எங்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. எல்லா ஊர்ச் சொத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் எந்த ஊரில் எவ்வளவு என்று சொல்ல முடியாமல் போனது. அதற்காக மதாம் அடுத்த அறுவடைக்கு மறுபடி கிராமம் கிராமமாக அலைந்தார். ஆனால் வாஷிங்டன்காரர்கள் வந்த அன்று பைகளை ஒரு பக்கமும் டின்னை ஒரு பக்கமும் வைத்தார். விஷம் பெரும்பாலும் டின்னில்தான் இருந்தது. பைகளில் இருந்த நல்ல பருப்பில் ஏறக்குறைய இல்லை. ஆகவே விற்கப் போகிற கடலையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது, வீட்டில் தங்குகிற கடலை யார் வாயில் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், வேலை தொடர்ந்தது. புரபசர் ஐஸ் கடிப்பதை நிறுத்தினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தைப் பற்றி.

டின்னைப் பார்த்ததும் மதாம் தன் ஆராய்ச்சியை மறந்துவிட்டார். "எவ்வளவு சாப்பிட்டார்? இன்று மட்டும்தானா?" என்று பதறினார். நான் கேட்டேன்.

"இன்னிக்கி ஒரு கைப்பிடி" என்றார் அத்தை. "ஊர்ல எப்பவும் அதான. நல்லது மண்டிக்குப் போவும். அடுத்தது வெதைக்கு எடுத்து வெப்போம். சொத்தை வூட்டுக்கு. தொவையல் அரைப்பேன், வறுத்து வெப்பேன். புள்ளைங்களுக்குப் பொறுக்கி நல்லதாக் குடுத்துடுவேன். எனக்குக் கசக்கும், ரொம்பத் திங்க மாட்டேன். உங்க மாமாவுக்குத்தான் சாயங்காலம் டீயோட அது இல்லன்னா ஆவாது."

மதாமுக்கு மாமாவைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அந்த விஷத்தைப் பற்றி இரண்டு மொழிகளில் டைப் அடித்தவள் நான். ஒரு நாள்கூட என் வீட்டை நினைத்துப் பார்க்கவில்லை. அத்தை சொன்னதை மதாமுக்குச் சொன்னேன். மாமாவையும் டீயையும் மட்டும் விட்டுவிட்டேன்.

மதாம் தலையை வேகமாக ஆட்டினார். "இனிமேல் சாப்பிடவே கூடாது என்று சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள்."

"இனிமே இதைச் சாப்பிடக் கூடாதாம் அத்தை."

"ஏன், தின்னா இன்னா ஆவும்?"

ஐயோ, நான் என்ன சொல்வேன்? கல்லீரல் என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். "வயித்துக்கு ஆகாதாம்" என்றேன்.

நான் சரியாகத்தான் சொல்லியிருப்பேன் என்று மதாம் நம்பினார். அத்தைக்கு நன்றாகப் பதிய வேண்டும் என்று, தன் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக் காட்டி, முகத்தைச் சுளித்தார்.

அத்தை அந்தக் கையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வயிறு அங்க இல்லியேம்மா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவுரு அங்கதான புடிச்சிக்கினு கெடந்தாரு."

"அத்தை, அதனாலதான்னு யாராலயும் நிச்சயமா சொல்ல முடியாது. எவ்வளவோ காரணம் இருக்கும்."

அத்தை என் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. டின்னுக்குள் கையை விட்டு ஒரு சொத்தையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அழுவாரோ, நெஞ்சில் அடித்துக்கொள்வாரோ என்று பயந்தபடி அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தேன். அவர் அழவில்லை. அந்தப் பருப்பை மறுபடி டின்னில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, மதாம் பக்கம் தள்ளினார்.

"அந்தம்மா ஊரு ஊராப் போயி கேட்டு எழுதறாங்கன்னு சொன்ன இல்ல?"

"ஆமா அத்தை."

"இதையும் எழுதிக்கச் சொல்லு. எம் புருசன் குடிக்கல. ஒரு சொட்டுகூடக் குடிக்கல." டின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "நான்தான் வறுத்துக் குடுத்தேன்."

இதையும் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை எழுதச் சொல்கிறார் என்றதும் மதாம் கைப்பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்தார். மாமாவைப் பற்றி ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பிரெஞ்சில் மதாமுக்குச் சொன்னேன். டாக்டர் கேட்டது, ஊர் பேசியது, டீ, எல்லாம். அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து வந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அத்தை கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார். பேனாவை எடுத்து மதாம் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.

"எழுதச் சொல்லும்மா" என்றார்.